கலாநிதிப் பட்டம் யாருக்காக?

பரிசளிப்பு விழா அழைப்பிதழில் பிரதம அதிதியின் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று இருந்தால் மண்டபத்தில் தனியானதொரு மரியாதை எழும். இந்தக் கல்லூரியின் மண்டபத்தில் மாணவியாக அமர்ந்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன். அவர் எதிலே கலாநிதி, அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று அந்தக் கேள்வி என்னிடமே வந்திருக்கிறது. பல்கலைக்கழகமொன்றின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றும் நான், உயர்கல்வித் தலைமைத்துவத்தில் தொழில்சார் கலாநிதிப் பட்டம் படிக்க விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். உம்மா அருகில் வந்து பார்த்தார். "எதுக்கு மகள் இது? வேலையும் புள்ளைகளும் போதாதா? பேருக்கு முன்னுக்கு ஒரு சொல் போடவா இவ்வளவு பாடு?" என்றார். உம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் தங்கைமாராகிய உங்களுக்கும் எழுதுகிறேன்.

கலாநிதிப் பட்டத்தில் இரு வழிகள் உண்டு. ஒன்று நாமறிந்த தத்துவக் கலாநிதி. ஒரு துறையின் அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது அதன் நோக்கம். மற்றையது தொழில்சார் கலாநிதி. தொழிலில் இருப்பவர் தன் பணியிடத்திலுள்ள ஒரு பிரச்சினையை ஆய்வு முறைப்படி ஆராய்ந்து தீர்வு தேடுவது அதன் நோக்கம். கல்வித் துறையில் இந்தப் பட்டம் புதியதல்ல. 1920இல் தொடங்கப்பட்ட ஹார்வர்ட் கல்வியியல் பீடம் அதை வழங்கத் தொடங்கி நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பிரித்தானியாவில் 1992இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. பாத், பென்சில்வேனியா முதலிய பல்கலைக்கழகங்கள் உயர்கல்வி முகாமைத்துவத்துக்கென்றே தனிப் பாடநெறிகளை நடத்துகின்றன. பெரும்பாலும் வேலையை விடாமல் பகுதிநேரமாகவே இவற்றைப் படிக்கலாம். முதலில் நிதி, கொள்கை, ஆய்வு முறை போன்ற பாடங்கள், பின்னர் ஆய்வேடு.

"பல்கலைக்கழகத்தை நடத்துவதற்கும் ஒரு பட்டமா?" என்று கேட்கலாம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது முதல் உபவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் ஒரு சட்ட அறிஞர். தலைமைத்துவப் பட்டம் எதுவுமின்றியே பேராதனையைக் கட்டியெழுப்பினார். உண்மைதான். ஆனால் அன்று அவரிடம் ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்களே இருந்தார்கள். இன்று ஒரே பல்கலைக்கழகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி பீடாதிபதியைப் பீடச் சபை தெரிவு செய்கிறது. உபவேந்தர் பதவிக்குப் பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்ய, அவர்களில் ஒருவரை ஜனாதிபதி நியமிக்கிறார். இப்படித் தெரிவாகும் ஒருவர் சிறந்த இரசாயனவியலாளராகவோ வரலாற்றாசிரியராகவோ இருக்கலாம். ஆனால் பதவியேற்ற மறுநாளே அவருடைய மேசைக்கு வருவது வரவுசெலவுத் திட்டம், கேள்விப்பத்திரம், வேலைநிறுத்த அறிவித்தல், விடுதி நெருக்கடி, பகிடிவதை முறைப்பாடு என்பனவாகும். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, பகிடிவதை ஒழியவில்லை. சட்டத்தைச் செயலாக்கும் நிர்வாகம் ஏன் தடுமாறுகிறது என்பது முறையாக ஆராயப்பட வேண்டிய கேள்வியல்லவா?

என் கேள்வி இன்னொன்று. முதலாம் வருடத்திலேயே படிப்பை நிறுத்தும் மாணவிகளின் கடிதங்கள் என் மேசைக்கு வருகின்றன. "குடும்ப நிலைமை காரணமாக" என்ற ஒற்றை வரிதான் அனேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அழைத்துப் பேசினால் வேறு கதை வெளிவரும். உயர்தரம்வரை தமிழில் படித்தவள் ஆங்கில விரிவுரையில் ஒரு கேள்வி கேட்கவும் அஞ்சி மௌனமாகிறாள். விடுதியில் இடமில்லை, மாலை விரிவுரை முடிந்தால் கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. இசட் புள்ளிக்காக இரவு பகலாய் உழைத்த பிள்ளை வீட்டுக்குத் திரும்புகிறாள். நாங்கள் கடிதத்தைக் கோப்பில் இட்டு இலக்கமிடுகிறோம். எந்த மாணவி எந்த மாதத்தில், எதனால் தளர்கிறாள், எந்த உதவி கிடைத்திருந்தால் நின்றிருப்பாள் என்று தேடிப் பார்ப்பதுதான் நான் செய்ய விரும்பும் ஆய்வு.

இந்தப் படிப்பில் குறைகளே இல்லையென்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கட்டணம் சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாதது. பணத்தைக் கட்டினால் பட்டத்தைத் தபாலில் அனுப்பும் போலி நிறுவனங்களும் உள்ளன. எனவே சேருமுன் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரிக்க வேண்டும். விரிவுரையாளராகி ஆய்வுத் துறையில் வாழ விரும்புபவருக்குத் தத்துவக் கலாநிதியே பொருத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனதில் ஒரு கேள்வி இல்லாதவர் இதில் சேரவே வேண்டாம் என்பது என் கருத்து. கேள்வியில்லாமல் பெறும் பட்டம் விசிட்டிங் காட்டில் அச்சிட மட்டுமே உதவும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. எங்கள் பல்கலைக்கழகங்களில் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயினும் தீர்மானம் எடுக்கும் கூட்டங்களில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பேராசிரியை சாவித்திரி குணசேகர கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக அமர்ந்தது 1999இல். அதற்கு முன் எத்தனை தலைமுறை மாணவிகள் அங்கே படித்து வெளியேறியிருப்பார்கள்! திருமணம், பிள்ளை வளர்ப்பு என்று வருடங்கள் ஓடிய பின்னரும், வேலையிலிருந்தபடியே திரும்பிப் படிக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது சிறிய விடயமல்ல. விடுதியும் பஸ்ஸும் பேசப்படும் மேசையில் விடுதியில் வாழ்ந்த, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருத்தி இருந்தால் தீர்மானமும் வேறாக இருக்கும்.

தங்கைமாரே, இதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம். நீங்கள் மாணவத் தலைவியாக இருந்தால், தாமதமாக வரும் பிள்ளையின் பெயரை எழுதுவதோடு நின்றுவிடாமல் ஏன் தாமதம் என்று கேளுங்கள். ஒரே ஊரிலிருந்து வரும் ஐந்து பேர் தினமும் பிந்தினால் பிழை பிள்ளைகளிடமா, பஸ் நேர அட்டவணையிலா என்று பாருங்கள். ஆய்வு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பேருக்கு முன்னுக்குப் போட இல்ல உம்மா. படிப்பை உட்டுட்டுப் போற புள்ளைகள்ல நாலு பேரயாவது நிப்பாட்டத்தான்." உம்மா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் தேநீரோடு வந்து, "படிவத்தில கையொப்பம் வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.