மீட்டால் போதுமா?

குழந்தைத் தொழிலாளர் மீட்பு என்றால், எத்தனை சிறார்கள் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டனர் என்ற கணக்கைக் காட்டுவதோடு அரசு நிர்வாகம் மனநிறைவு அடைந்துவிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினர் என்று கேட்பார் இல்லை.

திருத்தணியைத் தாண்டினால் வரும் நகரி, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் விசைத்தறி நகரம். 1960-ல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது ஆந்திரத்திலேயே தங்கிவிட்ட இப்பகுதியில், தமிழ் பேசும் நெசவாளர் குடும்பங்கள் ஏராளம். தறியை நம்பி வாழும் ஊர்களில் தார் சுற்றுவதும் அறுந்த இழையை முடிவதும் சிறுவர்களின் கைக்கே முதலில் போகின்றன. குடும்பம் முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 13.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்தனர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் அது. அதே மாநிலத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில்தான், மீட்ட சிறார்களை முகாம்களில் தங்கவைத்துப் பயிற்றுவித்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க முடியும் என்று சாந்தா சின்கா நிரூபித்து, 2003-ல் மகசேசே விருதும் பெற்றார். ஆக, வழி தெரியாமல் இல்லை.

1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்பு மையங்களில், 2017 முதல் மாணவருக்கு மாதம் ரூ.400 உதவித்தொகை வழங்கப்பட்டது. 2021-ல் அத்திட்டம் சமக்ர சிக்ஷாவில் இணைக்கப்பட்டுவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் உத்தரவாதம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. வேலைக்கு வைப்பதற்கான முழுத் தடையும் 14 வயதோடு விலகி, அதன்பின் ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் என்று சுருங்குகிறது.

செவிலியராக விரும்பும் சிறுமிக்கு இண்டர்மீடியட் தேர்ச்சி தேவை. பாலிடெக்னிக் செல்ல நினைக்கும் சிறுவனுக்குப் பத்தாம் வகுப்பு. கூலி கைக்கு எட்டும் வயதும் அதுவே. பெரும்பாலும் பாட மொழியும் தமிழ் அல்ல. உதவி மிகவும் தேவைப்படும் இந்த நான்கு ஆண்டுகளில்தான் சட்டம் கையை விரிக்கிறது.

ஆந்திர அரசு 2025-ல் தொடங்கிய 'தல்லிகி வந்தனம்' திட்டம், இண்டர்மீடியட் வரை பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் கணக்கில் ரூ.13,000 செலுத்துகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால், 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளை அந்தப் பட்டியலிலேயே வராது.

எனவே, மீட்கப்படும் ஒவ்வொருவரையும் 18 வயது வரை பெயர்வாரியாகக் கண்காணிப்பதும், விடுதியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் அவர்களுக்கென இடம் ஒதுக்குவதும் அவசியம். முன்பணத்தைக் காட்டிப் பிள்ளையைத் தறிக்கு அழைப்பவர்களுக்கும் பதில் உண்டு. கொத்தடிமைக் கடன் செல்லாது என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது.