இராவணனுக்கு ஓர் உடம்பு வேண்டும்

நிதேஷ் திவாரியின் ‘இராமாயணம்’ முதற்பாகம் 2026 தீபாவளிக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இராமன் ரன்பீர் கபூர், இராவணன் யாஷ், சீதை சாய் பல்லவி. கோத்தகிரியில் பிறந்த, நீலகிரித் தேயிலை மலைக்காரப் பெண் அசோகவனத்தில் உட்காரப்போகிறார் என்பதில் இலங்கை மலையகத்தின் வலப்பனை, இராகலைப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை இருந்தால் தப்பில்லை. அசோகவனம் என்று நாம் கைநீட்டிக் காட்டும் சீதாஎலிய, இங்கிருந்து போய் நுவரெலியாவில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடும். எனக்கிருக்கும் கவலை நடிகர்களைப் பற்றியதல்ல. முப்பது வருசத்துக்கு முன்பே ஒரு ஜப்பானியர் கையால் வரைந்து காட்டிவிட்ட கதை இது. அந்தச் சித்திரத்தை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் முன்னால் இரத்தமும் சதையுமாக ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தப்போகிறார்கள். அது சுலபமான காரியமல்ல என்பதற்கு ஏற்கெனவே ஒரு சாட்சி இருக்கிறது.

அந்த ஜப்பானியர் யூகோ சாகோ. 1983இல் அலகாபாத்துக்குப் பக்கத்தில் பி.பி. லால் நடத்திய அகழ்வாய்வுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர். வந்த இடத்தில் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயணங்களைத் தேடித் தேடி வாசித்தார். அதை அனிமேஷன் படமாக எடுக்கப் புறப்பட்டபோது, தெய்வத்தைக் கார்ட்டூனாக்குவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. இந்திய அரசு கைகோர்க்கவில்லை. வேலை ஜப்பானில் நடந்தது. இந்திய அனிமேஷனின் மூத்தவரான ராம் மோகன் இன்னோர் இயக்குநராகச் சேர்ந்தார். நம்மவர் உடையும் வணங்கும் விதமும் ஜப்பானிய ஓவியர்களுக்குப் புரிந்தது இந்தியக் கலைஞர்களால்தான். 1993 ஜனவரியில் டில்லித் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அதற்கு முந்திய மாதம்தான் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டிருந்தது. அந்தச் சூட்டில் படம் அரங்குகளுக்கு ஒழுங்காக வரவேயில்லை. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க்கில் திரும்பத் திரும்ப ஓடித்தான் ஒரு தலைமுறையின் இராமாயணமாக அது ஆனது. 2025 ஜனவரி 24இல் தமிழ்க் குரலோடும் புதுப்பித்து வெளியிட்டபோது சாகோ இல்லை, 2012இலேயே போய்விட்டார்.

நான் சொன்ன சாட்சி, இராமாயணத்தை ஆட்களை வைத்து எடுத்த ‘ஆதிபுருஷ்’. அதன் இயக்குநர் ஓம் ராவத், சாகோவின் படத்தைப் பார்த்த பிறகுதான் தனக்கு உந்துதல் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் அதில் எதைப் பார்த்தார் என்பதுதான் விளங்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னோட்டம் வந்ததும் கிளம்பிய கேலியில் வெளியீட்டைத் தள்ளிப்போட்டு வரைகலையைத் திருத்தினார்கள். 2023 ஜூன் 16இல் படம் வந்த பிறகு வசனத்தையும் திருத்தினார்கள். வசனத்தைத் திருத்திச் சரியாகிற கோளாறா அது? இராவணனாக வந்த சயீஃப் அலி கானின் பத்துத் தலைகளும் கீழே ஐந்து, மேலே ஐந்து என்று இரண்டு தட்டாக நிற்கும். இலங்கை ஒரு கரிக்கோட்டை. நடிகர்களைத் தவிர கண்ணில் படுவதில் பெரும்பகுதி கணினியில் வரைந்தது. உண்மையில் இதுவும் ஓர் அனிமேஷன் படந்தான். அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்ட படம்.

அந்த வெட்கந்தான் நோய். வரைந்த உடம்புக்கென்று ஒரு பலம் உண்டு. ஜப்பானில் 1963இல் ஒசாமு தெசுகா ‘அஸ்ட்ரோ போய்’ அனிமேஷன் தொடரைக் குறைந்த காசில் எடுத்தபோது ஒரு சிக்கனம் பழக்கத்துக்கு வந்தது: வாயும் இமையும் அசையும், மீதி உடம்பு அப்படியே நிற்கும். காசில்லாத குறை நாளாவட்டத்தில் அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷனின் அழகாகவே மாறிவிட்டது. அசையாத உடம்பில் கோபத்தையும் துக்கத்தையும் ஏற்றி வைப்பவர் பார்ப்பவர்தான். ஆள் நடிக்கும் தொடராக அதை மாற்றும்போது அந்த இடைவெளி அடைபட்டுப்போகிறது. அதற்கு ஈடாக வேறொன்று கொடுக்க வேண்டும். மனித உடம்பின் பாரம், மூச்சு, நிஜமான ஓர் இடம், அதன் வெயில் மழை. ஆளை வைத்து எடுப்பதற்கு இதை விட வேறு முதல் கிடையாது.

அனிமேயை ஆள் நடிக்கும் தொடராக மாற்றி நெட்பிளிக்ஸ் 2021 நவம்பரில் வெளியிட்ட ‘கவ்போய் பீபொப்’ மூன்று வாரத்தில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் ‘வன் பீஸ்’ 2023இல் வென்றது. மூலக் கதைக்காரர் எய்ச்சிரோ ஒடாவைக் கூடவே வைத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். கேப் டவுனில் மரக்கப்பலை முழு அளவில் கட்டி ஆட்களை அதில் ஏற்றினார்கள் என்பதை அதைவிடப் பெரிய காரணமாக நினைக்கிறேன். இழுபடும் கையும் கோமாளியின் மூக்கும் அதில் மன்னிப்புக் கேட்பதில்லை. பிலிப்பைன்ஸ்காரர்கள் இன்னும் துணிந்தவர்கள். 1979இல் ஜனாதிபதி மார்கோஸ் தடுத்து நிறுத்திய ‘வொல்டஸ் ஃபைவ்’ அனிமேயை 2023இல் ஜிஎம்ஏ தொலைக்காட்சி தானே ஆள் நடிக்கும் தொடராக எடுத்தது. ஜப்பானியக் கதை அவர்களுடைய பிள்ளைப்பருவமாகிவிட்டதால் உரிமையோடு எடுத்தார்கள்.

நிஜ உடம்பை முதலாக வைக்கும் இந்த வித்தை மலையகத்துக்குப் புதிதல்ல. மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில், காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற பையன் இரவில் மதனாக வந்து நிற்கிறான். அவன் எந்த லயத்துப் பிள்ளை, யாருக்கு மருமகன், கடையில் எவ்வளவு கடன் என்பது வரை சனத்துக்குத் தெரியும். ரதியும் ஆம்பிளைதான் என்பதும் தெரியும். அரிதாரம் அப்பியிருப்பதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் அவன் காப்புக் கட்டி விரதம் இருந்த உடம்பு பொய்யில்லை. தப்பு ஏற ஏற வேர்த்து ஊற்றுவது பொய்யில்லை. மதன் எரிந்து விழும்போது பொம்பிளைகள் அழுவதும் பொய்யில்லை. வீரபத்திரன் வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடுவதை எந்த வரைகலை நிறுவனமும் செய்துகாட்ட முடியாது. வேசம் வெளிப்படை, உடம்பு நிஜம். ‘ஆதிபுருஷ்’ இதைத் தலைகீழாக்கியது. வேசத்தை நிஜமென்று நம்பவைக்கப் பாடுபட்டு உடம்பைத் தொலைத்தது. இராமானந்த் சாகரின் 1987 தொடரில் அம்புகள் வானத்தில் மோதிக்கொள்ளும் காட்சியைப் பார்த்து இன்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்று தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை போட்டார்கள். (அதில் இராமனாக நடித்த அருண் கோவில்தான் சாகோ படத்தின் இந்தி இராமனுக்குக் குரல் கொடுத்தார். புதிய படத்தில் அவர் தசரதன். மனிதர் எந்த இராமாயணத்திலிருந்தும் தப்ப முடியவில்லை.)

இடத்துக்கு வருவோம். திவாரி படக்குழு 2025 ஜூலையில் வெளியிட்ட முதல் காட்சித்துண்டு பெரும்பாலும் வரைகலைதான். இவர்கள் இலங்கையை எங்கே தேடப்போகிறார்கள்? இங்கே இராவணன் இப்போது சும்மா இல்லை. 2019இல் விண்ணுக்குப் போன நாட்டின் முதல் செய்மதிக்கு அவன் பெயர்; தெரண தொலைக்காட்சியின் ‘ராவணா’ தொடரில் அவன் நாயகன். மறுபக்கம், தோட்டத்துச் சனம் கும்பிட்டு வந்த சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்கு 2024 மே கும்பாபிசேகத்தில் சரயு நதித் தண்ணீர் வந்தது. இராமாயணத் தடம் என்று சுற்றுலா வான்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருவருக்கு அவன் வீர அரசன், இன்னொருவருக்கு அரக்கன். அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களிடம் அவன் யார் என்று இரண்டு தரப்பும் கேட்டதில்லை.

சீதாஎலியவில், ஹக்கலக் காட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றங்கரையில் பத்து மணிக்கும் மூடுபனி விலகாது. பாறை வழுக்கும், அட்டை ஏறும், குளிரில் பேச்சு நடுங்கும். சிறைப்பட்ட பெண் ஒருத்தி அங்கே ஒரு மாதம் இருந்தால் அவள் முகம் என்னவாகும் என்பதைச் சாகோவின் ஓவியர்களால் ஊகிக்க மட்டுந்தான் முடிந்தது. சாய் பல்லவியிடம் அந்த முகம் இருக்கிறது. மலைக்குளிரும் அவருக்குத் தெரியும். அவரைப் பச்சைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, மரத்தையும் மழையையும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், சாகோவின் படத்தையே இன்னொரு தரம் அரங்குக்கு விட்டிருக்கலாம். செலவாவது மிஞ்சியிருக்கும்.