பழுதுபார்த்த நீதிமன்றமும் துளைபட்ட பலகையும்

ஒரு கட்டடத்தை அழிக்கக் கடப்பாரை தேவையில்லை. கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். மழை வேலையை முடித்துவிடும். பிறகு ‘காலம் தின்றுவிட்டது’ என்று சொல்லிக்கொள்ளலாம். காலத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாதில்லையா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டாலஹாட்சி என்று ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. பருத்தி விளையும் பூமி. யார் நிலத்தில், யார் முதுகெலும்பு முறிய அந்தப் பருத்தி விளைந்தது என்பதை இந்த இதழின் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் கவுண்டிக்கு சார்ல்ஸ்டன், சம்னர் என்று இரண்டு தலைமை ஊர்கள், இரண்டு நீதிமன்றங்கள். சம்னரில் இருக்கிற செங்கல் நீதிமன்றம் 2007இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியது. 1955 செப்டம்பரில் ஐந்து நாள் அங்கே நடந்த ஒரு விசாரணையால்தான் உலகம் அந்தக் கட்டடத்தை அறியும்.

எம்மெட் டில். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த 14 வயதுக் கறுப்பினப் பையன். பக்கத்து லெஃப்ளோர் கவுண்டியில் மணி என்ற சிற்றூர். அங்கே ஒரு மளிகைக்கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று குற்றம் சாட்டி, ஆகஸ்ட் 28 அன்று இரவோடு இரவாகத் தூக்கிப்போனார்கள். மூன்று நாள் கழித்து டாலஹாட்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் பருத்தி ஆலையின் இரும்பு விசிறி, முள்கம்பியால் கட்டியிருந்தது. அம்மா மாமி டில் சவப்பெட்டியை மூடவில்லை. என் பிள்ளையை என்ன செய்திருக்கிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்று திறந்தே வைத்தார்.

சம்னரில் விசாரணை நடந்தது. கவுண்டி மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. பட்டியலில் இல்லாதவர் ஜூரியில் உட்கார முடியாது. ஆகவே பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு சின்ன மேசை. காங்கிரஸ் உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸ் வந்தார். அவருக்கும் அந்த மேசைதான். பையனின் பெரிய மாமா மோஸ் ரைட், 64 வயது விவசாயி, எழுந்து நின்று வெள்ளைக்காரனை விரல் நீட்டிக் காட்டினார். 67 நிமிடத்தில் தீர்ப்பு: குற்றவாளிகள் இல்லை. சாட்சி சொன்னவர் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டடத்தைத்தான் 1955இல் இருந்தபடியே புதுப்பித்திருக்கிறார்கள். கவுண்டி மேற்பார்வைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரான ஜெரோம் லிட்டில் முன்னின்று, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த ஒரு நினைவுக் குழு அமைந்தது. 2007 அக்டோபரில் நீதிமன்ற வாசலில் நின்று அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். 52 வருஷம் கழித்து. கட்டடமோ பாழடைந்து கிடந்தது, கவுண்டியோ ஏழை. எம்மெட் டில் பெயர் இருந்தால் பணம் வரும் என்றதும் பேசாதவர்களும் பேசினார்கள். வங்கியில் உட்கார்ந்து தினமும் கடன் மனு பார்க்கிறவன் நான். ஈடு இல்லாமல் கடன் கிடையாது. இங்கே ஈடாக வைக்கப்பட்டது ஒரு பையனின் சாவு. இதைச் சொல்லி அந்தக் குழுவைக் குறைத்துப் பேச வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த மன்னிப்பும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால் பணம் எந்தப் பக்கம் பாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நினைவும் பாய்கிறது என்பதை நாம் பார்க்காமல் இருக்க முடியாது.

மணி ஊரைப் பாருங்கள். கதை தொடங்கிய மளிகைக்கடை கூரை விழுந்து, கொடி படர்ந்து, சுவர் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அந்த ஜூரியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் குடும்பத்துக்கு அது சொந்தமாயிற்று. அதை ஒட்டி ஒரு பழைய பெட்ரோல் பங்க். அந்தக் கொலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பக்கத்துக் கடைக்கு வந்தவர்கள் இங்கேயும் உட்கார்ந்து பேசியிருக்கலாம், அவ்வளவுதான். 2011இல் மாநில அரசு, குடிமை உரிமை வரலாற்றுக்கான நிதியிலிருந்து 2 லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பங்குக்குக் கொடுத்தது. பங்க் பளபளவென்று நிற்கிறது. கடை இடிந்து கிடக்கிறது. இதற்கு மேல் என்ன சொல்ல?

இன்னொரு வழியும் உண்டு, இடத்தையே மாற்றிவிடுவது. பையனை அடித்தது சன்ஃபிளவர் கவுண்டியில் ட்ரூ ஊருக்கு அருகே ஒரு கொட்டகையில். உள்ளே அலறல் கேட்டது என்று வில்லி ரீட் என்ற 18 வயதுப் பையன் நீதிமன்றத்திலேயே சொன்னான். ஆனால் விடுதலையான இரண்டு பேரும் 1956 ஜனவரியில் ‘லுக்’ பத்திரிகையிடம் ஏறத்தாழ 4,000 டாலர் வாங்கிக்கொண்டு நாங்கள்தான் கொன்றோம் என்று கதை சொன்னபோது அந்தக் கொட்டகை கதையிலேயே இல்லை. கொட்டகை இருந்தால் உடனிருந்த மற்றவர்களும் இருப்பார்களே! கொலைகாரன் பேச்சு அச்சில் ஏறியது. கூலிக்காரப் பையன் சாட்சியம் காணாமல் போனது. பல பத்தாண்டுகள் அந்தக் கொட்டகை வேண்டாத சாமான் போட்டுவைக்கும் இடமாகக் கிடந்தது. 2023இல் அமெரிக்க அரசு தேசிய நினைவுச்சின்னம் அறிவித்தபோது சம்னர் நீதிமன்றம், ஆற்றின் கிராபால் கரை, சிகாகோ தேவாலயம் மூன்றும் சேர்ந்தன. கடை இல்லை, கொட்டகை இல்லை. 2025 நவம்பரில்தான், சம்னரில் இயங்கும் எம்மெட் டில் மையம் நன்கொடைப் பணத்தில் கொட்டகையை வாங்கியது.

இனி ஆற்றங்கரைப் பலகை. உடல் எடுக்கப்பட்டதாக நம்பப்படும் கிராபாலில் 2008இல் ஒரு பலகை நட்டார்கள். அதே வருஷம் பிடுங்கிப் போய்விட்டார்கள். இரண்டாவதில் நூற்றுக்கு மேல் துப்பாக்கிக் குண்டு. மூன்றாவது 2018இல் வைத்து 35 நாளில் சுடப்பட்டது. சுடப்பட்ட பலகை முன்னால் மூன்று கல்லூரி மாணவர்கள் துப்பாக்கியோடு நின்று எடுத்த படம் 2019இல் வெளியானது. படித்த பிள்ளைகள்! அந்த அக்டோபரில் நான்காவது பலகை, குண்டு துளைக்காத இரும்பு, 225 கிலோ. துளைபட்ட ஒரு பலகையை 2021இல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கிறவனுக்கு நல்ல பாடம், சரி. ஆனால் சுட்டவன் வாஷிங்டனுக்கா போகிறான்? அவன் ஆற்றங்கரைக்கு வருகிறான். அங்கே அவன் கண்ணுக்குப் படுவது புத்தம்புது இரும்பு. 1955இல் என்ன நடந்தது என்று அது சொல்லும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத் துளைபட்ட தகடுதான் சொல்லும். குண்டு துளைக்காத பலகை அருகிலேயே அதுவும் நிற்க வேண்டும் என்கிறேன்.

பழுதுபார்ப்பதும் சில சமயம் மறைப்பதுதான். நீதிமன்றக் கூடத்தை 1955க்குத் திருப்பியவர்கள் நாற்காலிகளைச் சரியாகப் போட்டிருக்கலாம். பட்டியலில் பெயர் இல்லாததால் அந்த நாற்காலிகளில் உட்கார முடியாமல் போன ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி அங்கே பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பெட்ரோல் பங்கின் சுவரில் அந்த 2 லட்சம் டாலர் கணக்கை எழுத வேண்டும். கொட்டகையைத் திறக்கும்போது, இந்த இடம் யார் வாயால் அழிந்தது, அதற்கு எவ்வளவு கூலி என்பதையும், வில்லி ரீட் அன்றைக்கே உண்மையைச் சொன்னான் என்பதையும் வாசலிலேயே சொல்ல வேண்டும்.

வரலாறு படிக்கிற மாணவத் தோழர்களே, ஒரு நினைவிடத்துக்குப் போனால் கட்டியவன் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். பணம் யாருடையது, பக்கத்தில் எது இடிந்து கிடக்கிறது, அங்கே நின்று சாட்சி சொன்ன மனுசன் அப்புறம் எங்கே போனான்னு கேளுங்க. மோஸ் ரைட் அந்தக் கூடத்தில் நீட்டிய விரலுக்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை. அந்த விரல் இல்லாமல் சம்னரில் இருப்பது வெறும் செங்கல்.