கோவிவனும் மணியும்

சென்ற மாதம் நம் வீட்டில் ஒரு மரணம் சம்பவித்தது. பந்துக்களுக்குத் தகவல் அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதமும் கொடுக்கவில்லை. ஏனெனில், இறந்துபோனது மணி. மணி நம் வீட்டு நாய். உயர்ந்த ஜாதி நாய் என்று பெருமையடித்துக் கொள்ள வழியில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால், புதுவாயல் கூட்டு ரோட்டில் லாரிகள் திரும்புகிற இடத்தில், மழையில் நனைந்து நின்ற குட்டி அது. தானாகவே நம்மைப் பின்தொடர்ந்து வந்தது. வந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

விடியற்காலையில் அது கண்ணை மூடியது. துக்கப்படுவதற்கு அவகாசம் இல்லை. "இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று இல்லாள் கேட்டாள். அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பதை அன்றுதான் அறிந்துகொண்டோம்.

நாம் குடியிருப்பது வாடகை வீடு. சுற்றிலும் சிமெண்டுத் தளம். ஒரு சாண் மண் கிடையாது. பக்கத்துக் காலி மனையைக் கேட்டோம். "நாளைக்கு வீடு கட்டுகிற இடம், ஸார்" என்றார் மனைக்காரர். ஏரிக்கரையில் புதைக்கலாமென்றால், தண்ணீர் கெட்டுவிடும் என்று ஆட்சேபித்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. கடைசியில், குப்பை வண்டிக்காரர் ஒருவர் நம்மிடம் இரக்கப்பட்டு, "சாக்கில் கட்டிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: சாக்கை எடுத்துவர உள்ளே போனோம்.

அந்தச் சமயத்தில்தான் நம் சிறு பெண் எழுந்து வந்தாள். அவளுக்கு எட்டு வயது. "மணி எங்கே, அப்பா?" என்றாள்.

"டாக்டரிடம் போயிருக்கிறது, அம்மா" என்று சொன்னோம்.

மணி அப்போது கொல்லைப் பக்கத்தில், தண்ணீர் தெளித்த கோணியின் கீழே கிடந்தது. குழந்தை பல் தேய்த்துவிட்டு வந்து இட்லி தின்ன உட்கார்ந்தாள். தினந்தோறும் செய்வதுபோல் ஒரு இட்லியைப் பாதியாகப் பிய்த்து, மணியின் தட்டில் வைத்தாள். "வந்ததும் பசிக்கும்" என்றாள். முதல் நாள்தான் வகுப்பில் வாய்மை அதிகாரத்தை நடத்திவிட்டு வந்திருந்தோம். அந்தப் பாதி இட்லியைப் பார்த்த பிறகு நம்மால் பொய்யைத் தொடர முடியவில்லை. அவளை மடியில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னோம். வெகுநேரம் அழுதாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்படியானால் மணியை எங்கே வைக்கப் போகிறோம்?"

அதற்கு விடை அளித்தவர் நம் மாணவன் ஒருவனின் பாட்டனார். விஷயம் தெரிந்ததும் அவரே மண்வெட்டியுடன் வந்து சேர்ந்தார். "இதுக்கா ஸார் இம்மாம் யோசனை? எத்தனையோ மாட்டை நம்ம கழனி ஓரத்துல பொதைச்சிருக்கேன். ஒரு நாய்க்கு இடம் இல்லாமலா போயிடும்?" என்றார். பழைய பருத்தி வேஷ்டியில் மணியைச் சுற்றி எடுத்துப் போனோம். இடுப்பளவு குழி வெட்டினார் பெரியவர். குழந்தை ஒரு பிடி மண் போட்டாள். "நான் இங்கே அடிக்கடி வரலாமா, தாத்தா?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "இந்தக் கழனி எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியலை, பாப்பா. கம்பெனிக்காரங்க விலை கேட்டுக்கிட்டே இருக்காங்க. இருக்கிற வரைக்கும் வா" என்றார்.

மறுநாள் பள்ளியில் இதைச் சொன்னபோது, நண்பர் ஒருவர் நகைத்தார். "நாய்க்குச் சாவுச் சடங்கா? இதெல்லாம் மேல்நாட்டு மோகம்!" என்றார். நேயர்களிலும் சிலர் அப்படி நினைக்கக்கூடும். அவர்களுக்காக இரண்டு கற்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது கல், திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்னும் ஊரைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்ட நடுகல் அது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் சண்டையில் மாண்டான். அவனுடைய நாய் கள்ளரைக் கடித்து, எஜமானனுக்குக் காவலாக நின்றது. வீரன் உருவத்துடன் நாயின் உருவத்தையும் செதுக்கினார்கள். அதன் பெயரையும் பொறித்தார்கள். கோவிவன் என்பது பெயர். அந்தக் காலத்து மனிதர்களில் எத்தனை பேருடைய பெயர் இன்று நமக்குத் தெரியும்?

இரண்டாவது கல், மைசூர்ச் சீமையில், மாண்டியா ஜில்லாவைச் சேர்ந்த ஆதகூரில் இருந்தது. இப்போது பெங்களூர் மியூசியத்தில் இருக்கிறது. அதன் கதை நம் திருவள்ளூர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் 949-ஆம் வருஷம் நடந்த பெரும் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டான். எதிர்த்தரப்பில் தீரமாகப் போர் புரிந்த மணலேரன் என்பவனை அரசன் மெச்சி, "என்ன வேண்டும்?" என்று கேட்டான். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! பிற்பாடு அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியுடன் பொருதி, இரண்டும் இறந்தன. காளிக்குக் கோயில் முன்னால் கல் நாட்டி, நிலமும் மானியமாக விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி உணவு கொண்டால் பாவம் என்றும் எழுதி வைத்தார்கள்.

ஆகவே, இது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மோகமல்ல. நம்முடைய மண்ணில் இருந்த வழக்கம். நாம்தான் மறந்தோம். ஏன் மறந்தோம் என்றால், கழனியும் கொல்லையும் இருந்தவரையில் அதைப்பற்றி யோசிக்கவே அவசியம் ஏற்படவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து நம் ஊர்வரை தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வந்திருக்கின்றன. அவற்றால் அநேகருக்குப் பிழைப்புக் கிடைத்திருக்கிறது. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மண் சுருங்கிவிட்டது. பிராணிகளோ வீட்டுக்கு வீடு பெருகியிருக்கின்றன.

பெரிய நகரங்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. மும்பை மாநகராட்சி 2023-ல் மலாடு பகுதியில், எரிவாயுவைக் கொண்டு சிறு பிராணிகளைத் தகனம் செய்யும் சாலை ஒன்றைத் திறந்தது. கிராமங்களுக்கு இத்தகைய இயந்திரம் தேவையில்லை. கொஞ்சம் நிலமும் கொஞ்சம் மனமும் இருந்தால் போதும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. ஒரு குழிக்கு நான்கடிக்கு மூன்றடி இடம் விட்டால், ஒரு சென்டில் முப்பத்தாறு குழிகள் அடங்கும். ஐந்து சென்டில் நூற்றெண்பது. கிணற்றுக்கும் ஏரிக்கும் எட்டத்தில், மழைநீர் தேங்காத மேட்டில் ஊராட்சி அவ்வளவு இடம் ஒதுக்கி, நாலு புங்கமரம் வைத்தால் போதாதா?

அதுவரையில் வீட்டிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் உடலை அன்றே அடக்கம் செய்துவிட வேண்டும். தாமதமானால் ஐஸ் வைக்க வேண்டும். பருத்தித் துணியில் சுற்றலாம். பிளாஸ்டிக் உறை கூடாது, அது மக்காது. குழி மூன்று நான்கு அடிக்குக் குறையக் கூடாது. மேலே கல் பரப்பினால் மற்ற நாய்கள் தோண்டா. வைத்தியர் ஊசி போட்டு உயிரை அமைதியாகப் பிரியச் செய்திருந்தால், இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அந்த மருந்து உடலில் தங்கியிருப்பதால், தோண்டித் தின்னும் பிராணியும் சாகும். வெறிநாய்க்கடி நோய் என்று சந்தேகம் இருந்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: குழந்தைகளிடம் பொய் சொல்லாதீர்கள். சாவு இன்னதென்று அநேகக் குழந்தைகள் முதன்முதலில் அறிவது இப்படி ஒரு வாயில்லா ஜீவனிடமிருந்துதான். நேசித்த ஒன்றைச் சாக்கில் கட்டி வண்டியில் எறிவதை அவர்கள் பார்த்தால், அந்தப் பாடமும் மனத்தில் பதியும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதை அழித்து எழுத முடியாது.

வருகிற ஆகஸ்டு 15-ந் தேதி கிராம சபை கூடும்போது, இந்த ஐந்து சென்ட் நிலத்தைப்பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர உத்தேசித்திருக்கிறோம். சிலர் சிரிப்பார்கள் என்பதை அறிவோம். நம் பெண்ணும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். யாராவது சிரித்தால், கோவிவன் கதையை அவளே சொல்வாளாம்.