அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா? ப்ளஸ் டூவில் தெரியவரும் 6-ம் வகுப்பு வித்தியாசம்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டு வேலைக்கு வரும் அக்கா போனை நீட்டி, “பொண்ணுக்கு எந்த குரூப் போடலாம், கொஞ்சம் பாத்து சொல்லுங்க” என்பார். பயாலஜி குரூப் எடுத்து டாக்டராகணும் என்கிறாள் பெண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே என்று நாமும் நம்பிக்கை கொடுப்போம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: அவள் படிப்பது அரசுப் பள்ளியா, அரசு உதவிபெறும் பள்ளியா?

இரண்டும் ஒன்றுதானே என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டிலும் பாடப்புத்தகம் இலவசம், பஸ் பாஸ் இலவசம், ப்ளஸ் ஒன்னில் சைக்கிள் உண்டு. தமிழ் வழியில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. ஆனால் ஆசிரியரை நியமிப்பதும் பள்ளியை நடத்துவதும் தனியார் நிர்வாகம். மயிலாப்பூர் பி.எஸ். மேல்நிலைப் பள்ளி, லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி, தி.நகர் ஸ்ரீ சாரதா வித்யாலயா எல்லாம் இந்த வகைதான். நகரின் இந்தப் பகுதியில் பெயர் சொன்னதும் தெரிகிற பழைய தமிழ் வழிப் பள்ளிகளில் பலவும் அப்படித்தான்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது என்று அரசு முடிவெடுத்தது. அதனால் ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு பிரிவு உதவிபெறுவதாகவும், பக்கத்துப் பிரிவு சுயநிதியாகவும் இருக்கலாம். யூனிஃபார்ம் ஒன்று, மணி ஒன்று, ஃபீஸ் மட்டும் வேறு.

7.5 சதவீதம் யாருக்கு?

2020-ல் வந்த சட்டம் இது. நீட் மதிப்பெண் அடிப்படையிலான மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்கள் கிட்டத்தட்ட காணாமலே போன நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு கொண்டுவரப்பட்டது. முதல் ஆண்டிலேயே சுமார் 400 மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் இவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் இது நீண்டது. ஏற்கெனவே உள்ள 69 சதவீத ஒதுக்கீட்டுக்குள்ளேயே ஒவ்வொரு பிரிவிலும் இந்தப் பங்கு பிரிக்கப்படுவதால், யாருடைய சமூக ஒதுக்கீடும் குறைவதில்லை. நல்ல சட்டம், பலன் கொடுத்த சட்டம். அதில் சந்தேகமே இல்லை.

நிபந்தனை என்ன? 6-ம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். உதவிபெறும் பள்ளிகள் அடங்காது. வேடிக்கை என்னவென்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. 6-ல் தொடங்கி தமிழ் வழியில், உதவிபெறும் பள்ளியிலேயே படித்த பெண்ணுக்கு இல்லை. ப்ளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் பயனில்லை. 11 வயதில் வீட்டுக்குப் பக்கம் என்று அம்மா எடுத்த முடிவு, 17 வயதில் கதவை மூடுகிறது.

உதவிபெறும் பள்ளிகளைச் சேர்க்கக் கூடாது என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இவற்றில் பல நூறாண்டு கடந்தவை. சிலவற்றுக்கு வசதியான பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. இவர்களையும் அதே 7.5-க்குள் விட்டால், கிராமத்து அரசுப் பள்ளி மாணவரின் இடத்தைச் சென்னை மாணவர் எடுத்துக்கொள்வார் என்பது வெறும் பயமல்ல.

ஆனால் எல்லா உதவிபெறும் பள்ளியும் ஒன்றா? பெசன்ட் நகர் ஆல்காட் நினைவுப் பள்ளி, ஒடுக்கப்பட்ட சமூகக் குழந்தைகளுக்கான இலவசப் பள்ளியாக 1894-ல் தொடங்கப்பட்டது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இயங்கும் இத்தகைய பள்ளிகளைப் ‘பெரிய ஸ்கூல்’ கணக்கில் சேர்ப்பது எப்படி?

அரசே இந்தக் கோட்டைப் பலமுறை நகர்த்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கும்போதே இவர்களையும் சேர்த்துக்கொண்டது. நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிந்ததும் 2025 ஆகஸ்ட் 26-ல், இதே மயிலாப்பூரில் உள்ள புனித சூசையப்பர் பள்ளியில்தான். சாப்பாட்டுக்கும் மாதம் 1,000 ரூபாய்க்கும் ‘நம்ம பிள்ளைகள்’, மெடிக்கல் சீட்டுக்கு மட்டும் ‘தனியார் பள்ளிப் பிள்ளைகள்’ என்பது பொருந்தவில்லை.

2022 ஏப்ரலில் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், 5 ஆண்டுகளில் ஒதுக்கீட்டை மறுஆய்வு செய்யவும் சொன்னது. 7.5-ஐத் தொடாமல், உதவிபெறும் பிரிவில் 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அதே முறையில் தனியாக ஒரு சிறு பங்கு கொடுக்க முடியுமா என்பதை அந்த ஆய்வில் அரசு எடுத்துப் பார்க்க வேண்டும். புதுமைப் பெண்ணுக்கு வகுத்த அதே தகுதி வரையறை கையில் தயாராக இருக்கிறது.

அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று பாக்கி. 6-ம் வகுப்பு அட்மிஷன் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, இந்தப் பிரிவில் சேர்ந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா, இல்லையா என்று பெரிய எழுத்தில் அச்சிட உத்தரவிடலாம். வரும் ஜூனில் 6-ம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், படிவத்துக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.