மூடிய கடையும் திறவாத கட்டிலும்

2020 மார்ச்சு 24 மாலை, மகுடை (கொரோனா) நோய்க்கான ஊரடங்கையொட்டித் தமிழக அரசு தன் மதுக்கடைகளை இழுத்து மூடியது. நன்றே! ஆயின், அதுவரை அக்கடைகளில் நாள்தோறும் குடித்துப் பழகிய உடல்கள் என்னாகும் என்று எண்ணியவர் யாவர்?

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடுமென நிறுத்துவானாயின், முதல் நாளே கை நடுங்கும், உறக்கம் கெடும், சிலர்க்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள்களில் அறிவு மயங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவாரும் உளர். மருத்துவம் பெறாவிடில் உயிரும் போகும். இஃது ஒழுக்கக்கேடு அன்று, நோய். இதற்கு மருந்தும் உண்டு. நரம்பை அமர்த்தும் டயசிபாம், உயிர்ச்சத்தாகிய தயாமின், சில நாள் மருத்துவமனைக் கட்டில், விழிப்பான செவிலியர், அவ்வளவே.

அண்டையிலுள்ள கேரள அரசு மார்ச்சு 30இல் விந்தையானதோர் ஆணை பிறப்பித்தது: மருத்துவர் சான்று தந்தால் நோயாளிக்கு மது வழங்கலாமாம்! நோய்க்கு முதலையே மருந்தாக்கிய அவ்வாணையை மருத்துவர்கள் எதிர்த்தனர். ஏப்பிரல் 2இல் அம்மாநில உயர்முறைமன்றம் தடுத்தது. எனினும், குடியடிமைப்பட்டவன் மருத்துவரிடம் செல்லவேண்டியவன் என்பதையேனும் அவ்வாணை ஒப்புக்கொண்டது.

தமிழகமோ மே 7இல் கடைகளைத் திறந்தது. மறுநாள் சென்னை உயர்முறைமன்றம் மூடச் சொல்லிற்று. அரசு உச்சமன்றம் வரை சென்று வழக்காடி, மே 16இல் மீண்டும் திறந்தது. கடைக்காக டெல்லி வரை நடந்த கால்கள், கட்டிலுக்காக எத்துணைத் தொலைவு நடந்தன?

அடுத்த கொள்ளைநோய் வருமுன், வட்ட மருத்துவமனைதோறும் இந்நோயாளிக்கென்று, வேறெந்நோய்க்கும் பறிக்கப்படாத சில கட்டில்களை அரசு ஒதுக்குக. அதற்கான பணத்தை அக்கடைகளின் வருவாயிலிருந்தே எடுக்கலாம்.