குழலோசையும் வேட்டையும்

வேட்டைத் தொழிலில் வஞ்சகம் புதிதன்று. ஆயினும், சாகுந் தறுவாயிலுள்ள முயலின் அலறலைக் குழலில் ஊதி, அதனைத் தின்ன வரும் விலங்கைச் சுடும் முறை கேட்போரைச் சிறிது திடுக்கிடச் செய்வதே. அமெரிக்க நாட்டில் இது பெரிதும் பயிலப்படுகிறது. ஓநாய்க்கு இனமான கயோட்டி என்னும் விலங்கே இதற்கு முதல் இலக்கு. டெக்ஸாஸ் மாகாணத்துப் பர்னாம் சகோதரர்கள் 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இக்குழல்களைச் செய்து விற்று, இவ்வித்தையைப் பலரறியச் செய்தனர். இக்காலத்திலோ, பதிவு செய்த ஒலியை எழுப்பும் மின்கருவிகள் மலிந்துவிட்டன. பொத்தானை அழுத்தினாற் போதுமாயிருக்க, மூச்சைச் செலவிட்டுக் குழல் பயில்வானேன் என்று கேட்பாருளர். வேட்டையாடியே தீரவேண்டுமெனின் குழலே தக்கதென்பது எமது துணிபு.

குழல் இருவகைத்து. நாக்கு உள்ளே அடங்கிய குழலை எவரும் ஊதலாம். கடுங்குளிரில் மட்டும் எச்சில் உறைந்து அது ஊமையாவதுண்டு. நாக்கு வெளியே தெரியும் குழலே கற்றற்கரியது. நாதசுரக்காரர் சீவாளியை ஆளுமாப்போல் அதனை உதட்டால் அழுத்தி ஆளல் வேண்டும். நுனியருகே அழுத்தின் எலியின் கீச்சொலி. சற்றே உள்வாங்கின் முயலின் அலறல். இன்னும் உள்வாங்கின் கயோட்டியின் ஊளையே எழும். மூச்சு கன்னத்தினின்றன்று, வயிற்றினின்று வரல் வேண்டும். கையைக் குவித்தும் விரித்தும் ஒலியை நடுங்கச் செய்தல் வேண்டும். இவற்றினும் அரிது, நிறுத்தக் கற்றல். புதியோர் இடைவிடாது ஊதுவர். கயோட்டியோ காற்றின் கீழ்ப்புறமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். ஒருமுறை ஏமாந்து தப்பியது மறுமுறை எளிதில் வாராது. (அவ்வொலியை நம்பி வேறொரு வேட்டைக்காரனும் வரலாம், புதரில் மறைந்து ஊதுவோன் அதனை மறத்தலாகாது.)

இத்தனையும் பயிலப் பல மாதங்கள் கழியும். அதற்குள் அவன் அவ்விலங்கின் பசியையும் அச்சத்தையும் குட்டியிடும் பருவத்தையும் ஒருவாறு அறிந்துவிடுவான். குட்டியின் முனகலை ஊதினால் தாய் ஓடி வரும். வசந்தகாலத்தில் அவ்வொலியைத் தன் மூச்சாலேயே எழுப்புவோன், தான் செய்வதின்னதென்று அறியாதிருத்தல் இயலாது. பொத்தானை அழுத்துவோனுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. குழலூதுவோர் யாவரும் கருணையாளர் என்று யாம் சொல்லவில்லை. அறிந்தே கொல்வாரும் உளர்.

நிற்க. கொன்றவற்றை எண்ணிப் பரிசளிக்கும் போட்டிகளும் அந்நாட்டில் நடந்து வந்தன. கலிபோர்னியா 2014-இல் அப்பரிசுகளைத் தடுத்தது. வெர்மாண்டு 2018-இல் கயோட்டிப் போட்டிகளையே விலக்கியது. இவை மிக நன்று. துப்பாக்கியை விடுத்து, ஒளிப்படக் கருவியுடன் அதே குழலை ஊதுவோரும் அங்குளர். அவர் முன்னும் கயோட்டி வந்து நின்று, முயலைக் காணாது சிறிது நேரம் நோக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது.